பதினேழாம் ரூமில் விட்டுப்போன கேசட்

சத்தம் கேட்டால் பயப்படுகிறவர்கள் உலகத்தில் அதிகம். நான் பிறந்த வீட்டில் சத்தம் நின்றால்தான் பயம். ஆந்திர எல்லையில் நகரிப் பக்கம் விசைத்தறி வீடுகளில் பிறந்து, இப்போது முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் வயசுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காக மட்டும் சொல்கிறேன். தறி நின்றால் முதலில் தலையைத் தூக்கிப் பல்பைப் பார்க்க வேண்டும். பல்பு அணைந்திருந்தால் கரண்ட் போயிருக்கிறது, அவரவர் வேலையைப் பார்க்கலாம். பல்பு எரிந்துகொண்டிருக்க, நாலு தறியும் நின்றிருந்தால் உள்ளே யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது. கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். எங்களுக்கு நடக்கக் கற்றுக்கொடுத்த கையோடு இதையும் கற்றுக்கொடுத்துவிடுவார்கள்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் பையன் வாசலில் பைக் கழுவிக்கொண்டிருந்தான். ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் அவனுக்கு வேலை. ஞாயிறு ஒரு நாள்தான் வீட்டில் வெளிச்சத்தில் பார்க்கக் கிடைப்பான். பக்கெட் மேல் போனை வைத்து ஏதோ பாட்டு ஓடவிட்டிருந்தான். நான் உள்ளே அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். முதலில் இரும்பு மேல் இரும்பு விழுகிற ஒரு சத்தம். அப்புறம் அதே சத்தம் வரிசையாக. அப்புறம் தொண்டைக்குள் கல்லைப் போட்டு அரைப்பதுபோல் ஓர் ஆம்பளைக் குரல். கத்தி என் கையிலிருந்து விழுந்துவிட்டது. ஐம்பதை நெருங்குகிற பொம்பளை, பேரன் எடுக்கிற வயசில், அடுப்படி மூலையில் போய் நின்றுகொண்டேன்.

"டேய், இன்னாடா அது?"

"இண்டஸ்ட்ரியல் ராக்குமா. மெஷின் சத்தத்தையே பாட்டா போடுவானுங்க. நீ ஸ்கூல் படிக்கச் சொல்ல, அந்தக் காலத்துல வந்த ஆல்பம் இது. ஷிப்டு முடிஞ்சி பஸ்ல வரச் சொல்ல இத்தக் கேட்டாத்தான் எனக்குத் தூக்கமே வருது. ஏம்மா, சத்தமா கீதா?"

"நிறுத்துடா" என்றேன். நிறுத்திவிட்டான். அவனிடம் சொல்ல முடியாததைத்தான் உங்களிடம் சொல்கிறேன்.

எட்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்த லீவு அது. எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். முன்னால் ஓர் அறை, அடுத்து நடு அறை, அதற்குப் பக்கவாட்டில் தறிக்கொட்டகை, கடைசியில் சமையலும் பின்கட்டும். கொட்டகையில் நாலு தறி, நாலுக்கும் சேர்த்து ஒரே மோட்டார். மூன்றாவது தறி நொண்டும். மற்றவை தடக் தடக் என்று ஓடினால் அது மட்டும் தடக், த-தக் என்று ஓர் அடி பிந்தி வரும். நைனா, அதாவது எங்கள் அப்பா, எத்தனையோ தடவை பிரித்துப் பூட்டியும் அதற்கு அந்த நொண்டல் போகவில்லை. ராத்திரி முழுக்கத் தறியில் நின்றுவிட்டு நைனா பகலில் முன்னறையில் படுப்பார். தறி ஓடினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். நின்றால் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

பகலில் தறியைப் பார்த்துக்கொள்வது அக்கா. அவளுக்குப் பத்தொன்பது வயது. நூல் அறுந்தால் கண்மூடித் திறப்பதற்குள் முடிச்சுப் போட்டுவிடும் விரல்கள் அவளுக்கு. தறி வீட்டில் யாரும் வாயால் பேசிக்கொள்வதில்லை, எல்லாம் கை ஜாடைதான். சாப்பிட வா, தண்ணீர் கொண்டு வா, யாரோ வந்திருக்கிறார்கள், எல்லாவற்றுக்கும் ஒரு ஜாடை உண்டு. அக்கா தூரத்தில் நின்று கையை ஆட்டியே என்னை வம்புக்கு இழுப்பாள். நானும் கையாலேயே அவளைத் திட்டுவேன்.

அவளை எங்கள் மாமாவுக்குத்தான் கொடுப்பது என்று முடிவாகியிருந்தது. மாமா என்றால் அம்மாவின் கடைசித் தம்பி. அக்கா மகளைக் கட்டுவது எங்கள் பக்கத்தில் சாதாரணம். ஆவணியில் கல்யாணம். அவர் திருச்சானூரில் ஒரு லாட்ஜில் ரூம் பாயாக இருந்தார். புதன்கிழமை லீவு, ரேணிகுண்டா வந்து பாசஞ்சர் பிடித்துப் பத்து மணிக்கெல்லாம் எங்கள் வீட்டு வாசலில் நிற்பார். யாத்ரீகர்கள் ரூமில் மறந்து வைத்துவிட்டுப் போகிற சாமான்களை லாட்ஜில் ஒரு மாசம் வைத்திருந்து, யாரும் கேட்டு வராவிட்டால் வேலையாட்களுக்கே கொடுத்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் இருந்த குடை, டார்ச் லைட், பாதி தீர்ந்த பவுடர் டப்பா எல்லாம் அப்படி வந்தவைதான். ஒருமுறை ஒரு குழந்தையின் ஒற்றை ஷூவைக்கூடக் கொண்டுவந்தார். "அழகா கீது, எப்படித் தூக்கிப் போடறது" என்றார். அப்படிப்பட்ட மனுஷன்.

ஏப்ரல் கடைசியில் ஒரு புதன்கிழமை அவர் பையிலிருந்து ஒரு கேசட் வந்தது. மேலே அட்டை இல்லை. எவனோ பதிவு செய்துகொண்டது. ஒட்டியிருந்த தாளில் பேனா எழுத்து வேர்வையில் கலைந்து நீலமாகப் பரவியிருந்தது.

"பதினேழாம் ரூம்ல மெத்தைக்கடியில இருந்திச்சி. இந்திப் பாட்டா இருக்கும். எங்கிட்ட ஏது டேப்பு? நீங்க கேளுங்க" என்று அக்காவைப் பார்க்காமல், அக்காவுக்குக் கேட்கும்படி, என்னிடம் கொடுத்தார்.

எங்களிடம் டேப் இருந்தது. தறிச் சத்தத்துக்கு மேல் சாமி பாட்டு கேட்க வேண்டும் என்று நைனா அதோடு ஒரு தனி ஸ்பீக்கரை இணைத்து, மண்பானையின் வாயில் கவிழ்த்து வைத்திருந்தார். பானைக்குள் போய் வருகிற சத்தம் சுவரையே அதிர வைக்கும். அந்த வயசில் பானை ஸ்பீக்கர் வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இருந்த திமிர் உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம்.

மாமா ரயிலுக்குக் கிளம்பிய பிறகு கேசட்டைப் போட்டோம். ஒரு நிமிஷம் வெறும் இரைச்சல். பிறகு அந்த இரும்பு விழுந்தது. நான் எகிறி அக்காவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டேன். அம்மா ஓடி வந்தாள். குரல் ஆரம்பித்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"சாவப் போறவன் கத்தற மாதிரி கீது. நிறுத்துடீ. நாளைக்கே அத்தக் கொண்டு போயி ஏரியில போட்டுட்டு வா."

நான் ஏரியில் போடவில்லை. பயமாக இருந்தது, ஆனாலும் போடவில்லை. ஏன் என்று அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. இப்போது தெரிகிறது. இரண்டாவது பாட்டு எங்கள் கொட்டகை. தடக், தடக், தடக், த-தக். மூன்றாவது தறியின் நொண்டல் அப்படியே இருந்தது. எங்கேயோ இருக்கிற, முகம் தெரியாத, பாஷை தெரியாத ஒருவன் எங்கள் வீட்டுக்குள் வந்து, எங்கள் தறியைக் கேட்டு, அதைத் திருடிக்கொண்டு போய், அதன் மேல் உட்கார்ந்து கத்துகிறான். அவனுக்கு எங்கள் வீடு எப்படித் தெரியும்? இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. கொட்டகை மூலையில் நூல் பெட்டிகளுக்குப் பின்னால் அவன் நிற்கிறான் என்று நினைத்துக்கொள்வேன். தனியாகக் குளிக்கப் பயந்தேன். ஆனால் மத்தியானம் ஆனதும் கை தானாக டேப்பிடம் போய்விடும்.

மத்தியானம்தான் சரியான நேரம். நைனா முன்னறையில் தூங்குவார். அம்மா பின்கட்டில் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருப்பாள். அக்கா தறியில். தறி ஓடுகிறவரை நான் எவ்வளவு சத்தமாக வைத்தாலும் யாருக்கும் தெரியாது. தறிச் சத்தத்தோடு சத்தமாகக் கலந்துவிடும். பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதன் வயிற்றில் கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். நாலு பாட்டு, அந்தப் பக்கம் முழுவதும், அரை மணி நேரம். முடிந்ததும் கிளிக் என்று பட்டன் எகிறும். அப்போதுதான் மூச்சு விடுவேன். அக்காவுக்கு அந்தப் பாட்டு பிடித்திருந்தது. கொட்டகை வாசலில் நின்று அந்தத் தாளத்துக்குத் தலையை ஆட்டி எனக்குப் பழிப்புக் காட்டுவாள். அவளுக்குப் பயமே கிடையாது.

மே மாதம், வெயில் உச்சத்தில் ஒரு நாள். மாவடு ஊறுகாய் வாசனை வீடு முழுக்க இருந்தது. நான் கேசட்டைப் போட்டேன். வழக்கத்தைவிடச் சத்தமாகத் திருகினேன். இரண்டாவது பாட்டு ஓடும்போது ஓர் அலறல் கேட்டது. பாட்டில்தான் கேட்டது என்று நினைத்தேன். இத்தனை நாள் கவனிக்காமல் விட்டோமே, நன்றாகக் கத்துகிறான் என்றுகூட நினைத்தேன். கண்ணைத் திறக்கவில்லை. பானையிலிருந்து கையை எடுக்கவில்லை.

மூன்றாவது பாட்டு. நாலாவது பாட்டு. கிளிக்.

அதற்குப் பிறகு வந்தது எங்கள் வீட்டில் நான் கேட்டறியாத அமைதி. தலையைத் தூக்கினேன். பல்பு எரிந்துகொண்டிருந்தது.

முன்னறையிலிருந்து நைனாவும் பின்கட்டிலிருந்து அம்மாவும் ஒரே நேரத்தில் ஓடி வந்து என்னைத் தாண்டிக் கொட்டகைக்குள் போனார்கள். அம்மா போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. அக்காவின் தாவணித் தலைப்பு மூன்றாவது தறியின் பல்சக்கரத்தில் மாட்டியிருந்தது. அதை இழுக்கப் போன வலது கையும் கூடவே போய்விட்டது. இடது கையால் தூணில் இருந்த மோட்டார் சுவிட்சைத் தட்டி நாலு தறியையும் நிறுத்தியிருக்கிறாள். ஆனால் சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்றினால்தான் கை வெளியே வரும். அதற்கு இன்னொரு ஆள் வேண்டும். நைனா சுற்றினார். அவள் சத்தமே போடவில்லை. போட்டுப் போட்டு ஓய்ந்துபோயிருந்தாள்.

நான் கொட்டகைக்குள் போகவில்லை. கேசட்டை வெளியே எடுத்தேன். எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் ஸ்பீக்கரைத் தூக்கி, கேசட்டைப் பானைக்குள் போட்டுவிட்டு, ஸ்பீக்கரை மறுபடி வைத்தேன். அக்காவை வெளியே தூக்கிக்கொண்டு போகும்போது நான் செய்துகொண்டிருந்த வேலை இதுதான். இத்தனை வருஷத்தில் இதை யாரிடமும் சொன்னதில்லை.

திருப்பதி பெரியாஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். ரத்தம் நிறையப் போய்விட்டது, இன்னும் முன்னாலேயே கொண்டு வந்திருந்தால் ஒரு விரலையாவது காப்பாற்றியிருக்கலாம் என்றாராம் டாக்டர். நைனா அந்த வார்த்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"நான் தூங்கிக்கினு இருந்தேன். தறி நின்னிருந்தா எனக்கு முழிப்பு வந்திருக்காதா? கடைசி வரைக்கும் ஓடிக்கினுதான் இருந்திச்சி" என்றார்.

"நானும் காதால கேட்டேன். ஓடிச்சி. மூணாவது தறி நொண்டறது வரைக்கும் கேட்டேன்" என்றாள் அம்மா.

"சுவிட்சு ஆப்புல இருந்திச்சே."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சுவிட்சு ஆஃப், அக்கா அங்கே கிடக்கிறாள், தறி ஓடுகிற சத்தம் கேட்கிறது. அப்படியானால் தறியை ஓட்டியது யார்? பிறந்ததிலிருந்து காதை நம்பியே வாழ்ந்தவர்கள் எங்கள் வீட்டுக்காரர்கள். காது பொய் சொல்லும் என்பது மட்டும் அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

எனக்குப் பதில் தெரியும். வாயைத் திறந்தால் போதும். நைனாவின் கை எப்படி விழும் என்றும் தெரியும். ஆனால் அடிக்கு மட்டும் பயந்தேன் என்று சொன்னால் பொய். அக்காவின் விரலை எடுத்தவள் நான் என்று ஆகிவிடுமே, அதற்குப் பயந்தேன். பேசாமல் இருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் குறி சொல்கிற ஆள் ஒருவரைக் கூட்டி வந்தார்கள். எலுமிச்சம்பழத்தைக் கொட்டகை வாசலில் உருட்டிவிட்டு, வெளியிலிருந்து இந்த வீட்டுக்குள் வந்த சாமான் என்ன என்று கேட்டார். அம்மாவுக்குச் சட்டென்று கேசட் ஞாபகம் வந்துவிட்டது.

"ஏரியில போடச் சொன்னேனே, போட்டியாடி?"

"போட்டுட்டேன்" என்றேன்.

பொய் சொன்னால் நம்புகிற மாதிரி சொல்ல வேண்டும். என் முகத்தைப் பார்த்து அவர் வீடு முழுக்கத் தேடச் சொன்னார். அம்மா ஸ்பீக்கரைத் தூக்கினாள். பானையின் அடியில் கேசட் கிடந்தது.

"பாரு! ஏரியில போட்டது தானா வந்து பானைக்குள்ள பூந்துக்கினு கீது பாரு!"

குறி சொல்கிறவர் போட்ட கத்தலில் அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். என் தலையில் தண்ணீர் தெளித்தார்கள், விபூதி போட்டார்கள், மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டினார்கள். எனக்குப் பல் அடித்துக்கொண்டது. அதைப் பார்த்து எல்லாரும் பேய்க்குப் பயந்து நடுங்குகிறாள் என்றார்கள். நாடாவை முழுக்க உருவி, முச்சந்தியில் குவித்து, கற்பூரம் வைத்துக் கொளுத்தினார்கள். பிளாஸ்டிக் நாற்றம் சாயங்காலம் வரை தெருவில் நின்றது.

அடுத்த புதன்கிழமை மாமா வந்தார், ஒரு கையில் மாம்பழப் பையோடு. அவருக்கு விபத்து மட்டும்தான் தெரியும். ஆஸ்பத்திரியில் அக்காவைப் பார்த்துவிட்டு நேராக வந்திருந்தார். அம்மா அவரை வாசலைத் தாண்ட விடவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், நிஜத்தச் சொல்லு. அந்தப் பதினேழாம் ரூம்ல யாராவது செத்தாங்களா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார். மாமாவுக்குப் பொய் வராது.

"லாட்ஜின்னா எந்த ரூம்லதான் சாவு விழல அக்கா? ரொம்ப வயசானவங்கல்லாம் சாமி பார்க்க வர்ற ஊரு. ரெண்டு வருசம் மின்ன ஒருத்தரு..."

அவ்வளவுதான். அம்மா கதவைச் சாத்தினாள். சுவிட்சு ஆஃபில் இருந்தும் தறி ஓடியது, செத்தவன் குரலை வீட்டுக்குள் கொண்டுவந்து என் பெண்ணின் கையை எடுத்துவிட்டான் என்று உள்ளே நின்று அழுதாள். ஆவணிக் கல்யாணம் அந்த நிமிஷத்தோடு முடிந்தது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா என்னைப் பார்த்துவிட்டார்.

"சின்னப் பாப்பா, நீயாவது சொல்லும்மா. அதுல இன்னா இருந்திச்சி? நான் ஒரு தபாகூடக் கேட்டது இல்லியே" என்றார்.

நான் ஜன்னலைச் சாத்தினேன். மாம்பழப் பை வாசலிலேயே இருந்தது. யாரும் தொடவில்லை.

மூன்று வருஷம் கழித்து அக்காவைச் சத்தியவேட்டில் ஒருவருக்கு இரண்டாம் தாரமாகக் கொடுத்தார்கள். நல்ல மனுஷன்தான், பத்து வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார். மாமா கல்யாணமே செய்துகொள்ளவில்லை. லாட்ஜை விட்டுவிட்டுத் திருச்சானூரிலேயே யாத்ரீகர்களுக்குப் பூட்டும் சங்கிலியும் விற்கிற சின்னக் கடை வைத்தார். வருஷா வருஷம் வைகாசியில் மலைக்கு நடந்து போய் மொட்டை போட்டுக்கொள்வார். ஏன் என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லமாட்டாராம். கல்யாணம் காட்சிகளில் அக்கா வந்திருக்கிறாள் என்று தெரிந்தால் பந்திக்குக்கூட உட்காராமல் கிளம்பிவிடுவார். நைனாவும் அம்மாவும் அந்தப் பேயை நம்பியபடியே போய்ச் சேர்ந்தார்கள்.

நான்? எனக்கு ஒரு சமாதானம் இருந்தது. அந்த அலறல் பாட்டில் இருந்தது. பாட்டில் இருந்த அலறலை அக்காவின் அலறல் என்று எப்படித் தெரிந்துகொள்ள முடியும்? இந்த ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டினேன்.

பையன் பாட்டை நிறுத்திய ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த நாள், நானே அவனிடம் கேட்டு அந்த ஆல்பத்தை என் போனில் போட்டுக்கொண்டேன். அவனுக்கு ஒரே ஆச்சரியம். "எங்கம்மா ராக் கேக்குது" என்று நண்பர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தான். வீட்டில் யாரும் இல்லாத பகலில் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டாவது பாட்டு வந்தது. தடக், தடக், தடக், த-தக். குரல் வந்தது. அவன் கத்தினான், உறுமினான், முனகினான். நான் அலறலுக்காகக் காத்திருந்தேன்.

அலறல் இல்லை.

மறுபடி கேட்டேன். எட்டுத் தடவை கேட்டேன். மற்ற மூன்று பாட்டிலும் தேடினேன். எங்கேயும் இல்லை. அந்தப் பாட்டுக்காரன் பாவம், எங்கள் வீட்டில் எதையும் திருடவில்லை. அன்றைக்கு நான் கேட்டது என் அக்காவை.

மறுநாளே சத்தியவேட்டுக்கு பஸ் ஏறினேன். அக்கா இடது கையால் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். டம்ளரை வாங்காமலேயே எல்லாவற்றையும் சொன்னேன். பானை, அலறல், ஒளித்து வைத்தது, ஏரியில் போட்டேன் என்று சொன்ன பொய், ஜன்னலைச் சாத்தியது. அவள் காபியைக் கீழே வைத்தாள்.

"எனக்குத் தெரியும்டீ" என்றாள். "அங்கதான கிடந்தேன்? பாட்டுதான் கேட்டுக்கினு இருந்தேன். எப்போ முடியும், எப்போ முடியும்னு."

"ஏன்க்கா சொல்லல?"

"நான் ஆஸ்பத்திரில இருந்து திரும்பி வரச் சொல்ல எல்லாம் முடிஞ்சி போச்சி. கேசட்டக் கொளுத்திட்டாங்க, மாமாவ தொரத்திட்டாங்க. அப்புறம் சொன்னா நைனா உன்ன உசுரோட உட்டிருப்பாரா?" முந்தானையை வலது கை மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். "அதுவும் இல்லாம, எனக்கும் பயம். சத்தமா வைன்னு நான்தான கை காட்டினேன்? தறி நடுவுல எனக்குக் கேக்கலன்னு. மாமா கொண்டாந்ததாச்சேன்னு."

எனக்கு அப்படி ஒரு ஜாடை ஞாபகமே இல்லை. நிஜமாகவே காட்டினாளா, என் பாரத்தில் பாதியை வாங்கிக்கொள்ள இப்போது சேர்த்துச் சொல்கிறாளா, இன்றுவரை தெரியவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. பயம்தான் அதிகமானது. இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம், நடுவில் மாமாவின் ஆயுசே போய்விட்டது.

"அவருகிட்ட சொல்லணும்க்கா."

"நீ சொன்னா நான் வர்றேன்" என்றாள்.

போன வாரம் திருப்பதியில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து திருச்சானூர் போனோம். லாட்ஜ் சந்தில் பகலிலேயே பல்பு போட வேண்டிய குறுகலான கடை. சுவர் முழுக்கப் பூட்டுகள் தொங்கின. மாமா அக்காவைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பார்வை அவளுடைய வலது கைக்குப் போய், சுட்டுக்கொண்டதுபோல் திரும்பியது. எங்கள் இருவருக்கும் பயம் என்றால் அவருக்கு எங்களைவிடப் பயம்.

"வாங்க. உக்காருங்க. யாருக்கு இன்னா?" என்றார்.

சொல்ல வேண்டியதைப் பஸ்ஸில் ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்திருந்தேன். சொன்னது வேறு. "மாமா, நீ ஒரு பாட்டு கேக்கணும்" என்று போனை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்து இரண்டாவது பாட்டைத் தட்டினேன்.

இரும்பு விழுந்தது. மாமா தலையைச் சாய்த்துக் கேட்டார். அவரும் தறி வீட்டுப் பிள்ளைதான்.

"தறி ஓடுது" என்றார். இன்னும் கொஞ்சம் கேட்டார். "நாலு தறி. அதுல ஒண்ணு நொண்டுது. உங்க வூட்டு மூணாவது..."

அங்கேயே நின்றுவிட்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, பூட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் முப்பது வருஷம் மூடி வைத்ததை ஒரு நிமிஷத்தில், யாரும் சொல்லாமலே, காதாலேயே கண்டுபிடித்துவிட்டார்.

"இதுதானா அந்தக் கேசட்டு?"

"ஆமாம் மாமா."

"அன்னிக்கி இதுதான் ஓடிச்சா? தறி இல்ல?"

"தறி இல்ல மாமா."

"யாரு வெச்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னாள். "நாங்க ரெண்டு பேரும்."

மாமா உட்கார்ந்து மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். "செத்தவனக் கொண்டாந்து வூட்ல உட்டுட்டேன்னு மலைக்குப் போயிக்கினு இருந்தேனேம்மா" என்றார். குரலில் கோபம் இல்லை; இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"திட்டு மாமா" என்றேன். "அடி வேணாலும் அடி."

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. பாட்டை நிறுத்தப் போன என் கையைத் தடுத்தார். "ஓடட்டும். அந்தப் பக்கம் முடியற வரைக்கும் ஓடட்டும். பெரிய பொண்ணு எவ்ளோ நேரம் கிடந்திச்சின்னு எனக்குத் தெரியணும்."

ஓடியது. பூட்டு வாங்க வந்த ஒருவரைக் கையை ஆட்டியே அனுப்பிவிட்டார். மூன்றாவது பாட்டு. அக்கா வலது கையைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்திருந்தாள். வழக்கமாக முந்தானைக்குள் வைத்துக்கொள்கிற கை. நாலாவது பாட்டு. அவ்வளவு நீளமான பாட்டை நான் வாழ்க்கையில் கேட்டதில்லை. எனக்கு மறுபடியும் பதிமூன்று வயது, பானையின் மேல் கை, கண் மூடியிருக்கிறது, திறக்கப் பயமாக இருக்கிறது.

பாட்டு முடிந்தது. போனை அணைத்தேன். கடைக்குள் சத்தமே இல்லை.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கிப் பல்பைப் பார்த்தோம். எரிந்துகொண்டிருந்தது.

மாமாதான் முதலில் எழுந்தார். சங்கிலிப் பெட்டி காலில் இடறிக் கவிழ்ந்ததைப் பார்க்காமல் ஓடி வந்து, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.